கூட்டுக்குக் கதவில்லை, வழக்கு நரிமேல்

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் நாட்டுக்கோழிப் பேச்சை எடுத்துப் பாருங்கள். இரண்டு நிமிஷத்துக்குள் நரி வந்துவிடும். "ஏரிக்கரை முழுக்கச் சீமைக்கருவேலம், அதுக்குள்ள நரி. இங்க கோழி வளர்த்தா நரிக்குத்தான் வளர்க்கணும்" என்பார் ஒருவர். "சுத்திக் கம்பிவேலி போட்டு ஷெட்டு கட்ட வசதி இருந்தா வளரு, இல்லன்னா கடையில கறிக்கோழி வாங்கித் தின்னுட்டுப் போ" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி, கறித்துண்டில் குருணை மருந்து வைக்கிற யோசனையைச் சொல்வார். மூவரும் மூன்று விஷயம் பேசுவதாகத் தோன்றும். அடியில் கிடப்பது ஒரே எண்ணம்: கோழியைக் கொல்வது வெளியே இருக்கிறது, அதைத் தடுக்கப் பணம் வேண்டும், பணமில்லாதவர் இந்த வேலைக்கு வரக்கூடாது.

இதை நான் மறுக்கிறேன். நரிமேல் பாசம் வந்து மறுப்பதாக யாரும் நினைக்கவேண்டாம். இந்தப் பக்கம் யார் வீட்டுக் கொல்லையில் கோழி மேய்கிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். பட்டுத்தறி ஓடும் வீடு, நூறுநாள் வேலைக்குப் போகும் வீடு, ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ கம்பெனி பஸ்ஸில் ஆள் போகும் வீடு. தறிக்கூலி, புடவையை அறுத்துக் கொடுத்த பிறகுதான் முழுசாகக் கைக்கு வரும். நடுவில் வரும் பள்ளிக்கூடச் செலவுக்கும் காய்ச்சல் தலைவலிக்கும் கொல்லையில் மேயும் நாலு கோழிதான் சில்லறை. உயிர் எடை கிலோ 400, 500 ரூபாய்க்குப் போகிற பண்டத்தை, "உனக்குக் கட்டுப்படியாகாது, விட்டுவிடு" என்று அந்த வீட்டுக்குச் சொல்வதில் புத்திமதி எதுவும் இல்லை. இருக்கிற சில்லறையையும் தட்டிவிடுகிற பேச்சு அது. அதுவும் தப்பான கணக்கை வைத்துக்கொண்டு.

முதல் தப்பு, ஆளை மாற்றிப் பிடிப்பது. விடிந்ததும் கொல்லையில் இறகு கிடந்தால் நரி என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இறகு எப்படிக் கிடக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. நரி வந்திருந்தால் பெரும்பாலும் கோழி அங்கே இருக்காது; வாயில் கவ்விக்கொண்டு புதருக்குப் போய்விடும், போன வழியில் இறகு உதிர்ந்திருக்கும். நாலைந்து கோழிகள் கடிபட்டு, தின்னப்படாமல் ஆளுக்கொரு மூலையில் கிடந்தால் தெருநாய்களைத்தான் முதலில் சந்தேகப்படவேண்டும். கழுத்திலோ தலையிலோ மட்டும் கடித்து உடலை அங்கேயே விட்டிருந்தால் கீரியாகவோ மரநாயாகவோ இருக்கலாம். குஞ்சு மட்டும் காணாமல் போய்ச் சுவரோரம் வளை தெரிந்தால் பெருச்சாளி. முட்டை ஓடுகூட மிச்சமில்லாமல் போனால் சாரைப்பாம்பு. பட்டப்பகலில் தாய்க்கோழி அலறி, எண்ணும்போது ஒரு குஞ்சு குறைந்தால் காக்கையோ வல்லூறோ.

நேரமும் சாட்சி சொல்லும். கீரி பகலில் நடமாடுகிற பிராணி. நடுப்பகலில் வைக்கோற்போர் பக்கம் போன கோழி திரும்பாவிட்டால் அதற்கும் நரிக்கும் தொடர்பு இருக்க வாய்ப்புக் குறைவு. நெடுஞ்சாலை ஓரம் கடைகள் பெருகி, சோறும் எலும்பும் கொட்டிக் கிடக்கிற இடத்தில் பெருகியிருப்பது எது என்று கண்ணைத் திறந்து பார்த்தாலே தெரியும். தெருவில் இருபது நாய் படுத்திருக்க, கரைக்கு அப்பால் எங்கோ ஊளையிடுகிற நரியைத் தேடுகிறோம்.

நரிக்கு முன்பிருந்தே பேர் கெட்டுவிட்டது. திருவிளையாடலில் குதிரையாக மாறி மதுரைக்கு வந்து, ராத்திரி மறுபடியும் நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடிய கதை எல்லாருக்கும் தெரியும். அங்கேகூட அவற்றை வாங்கி, தடவிப் பார்த்து, லாயத்துக்குள் கொண்டுபோய்க் கட்டியவர்கள் பாண்டியனின் ஆட்கள்தான் என்பதை மட்டும் கதை கேட்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நரியின் கணக்கில் எழுதப்படும் சாவுகளில் இன்னொரு பெரிய பங்கு வெள்ளைக்கழிச்சலுடையது. ராணிக்கேட் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்லும் இந்த நோய் 1920களிலேயே இந்தியாவில் பதிவாகிவிட்டது. தடுப்பூசி போடாத கூட்டத்தில் வீரியமான கிருமி புகுந்தால் பத்தில் எட்டு, ஒன்பது, சில சமயம் பத்துமே போய்விடும். எந்த நரியாலும் ஒரு தெரு முழுக்க ஒரு வாரத்தில் இப்படித் துடைக்க முடியாது. நோய் வந்த கோழி இறகை உப்பிக்கொண்டு ஒதுங்கி நிற்கும், அந்தியில் கூட்டத்தோடு சேராது, வேலியோரமே உட்கார்ந்துவிடும். அன்றைக்கு ராத்திரி அதை நாயோ நரியோ எடுத்துக்கொண்டு போகும். காலையில் பழி யார்மேல் விழும்? ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ விடும் லசோட்டா சொட்டும், எட்டாவது வாரத்தில் போடும் ஆர்2பி ஊசியும் இதற்கான தடுப்பு. பிப்ரவரி தொடக்கத்தில் கால்நடைத்துறை இரண்டு வாரம் ஊர் ஊராக முகாம் போட்டு இலவசமாகவே தடுப்பூசி போடுகிறது. வேலிக்குப் பணமில்லை என்று வருந்துகிற வீடு முதலில் செய்யவேண்டிய காரியம் காசே கேட்காதது.

சரி, நரியே வந்ததாக வைத்துக்கொள்வோம். மருந்து வைக்கிற யோசனைக்கு வருவோம். சொல்பவர்கள் இதை ஏதோ வீட்டு வைத்தியம்போலச் சொல்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குள் விஷம் வைப்பதும் கண்ணி வைப்பதும் அடக்கம். 2022-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு நரி முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கலையொட்டி வங்காநரியைப் பிடித்து வந்து ஊருக்குள் ஓடவிடும் வழக்கம் உண்டு. அங்கே அதன் முகத்தில் விழிப்பது அதிர்ஷ்டம், பக்தியோடுதான் செய்கிறார்கள். அதற்கே வனத்துறை அபராதம் போட்டிருக்கிறது. ஒரு கோழிக்காக விஷம் வைத்தவரை விட்டுவிடுவார்கள் என்று எதை நம்பிச் சொல்கிறார்கள்?

சட்டத்தை விடுங்கள். குருணை மருந்து தடவிய கறித்துண்டுக்கு நரி எது, பக்கத்து வீட்டு நாய் எது, காக்கை எது, மயில் எது என்று தெரியாது. மேய்கிற உங்கள் கோழியே அதைக் கொத்தும். செத்ததைத் தின்ன வரும் பருந்தும் சாகும். இத்தனைக்கும் நரியின் சாப்பாட்டில் பெரும்பங்கு எலி, பெருச்சாளி, உதிர்ந்த பழம், செத்த மாடு. நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற ஊரில் வரப்பெலியை யார் பிடிக்கிறார்கள் என்று விவசாயிக்குத் தெரியும். ஒரு நரியைக் கொன்றால் அந்த இடம் காலியாகவும் இருக்காது. பக்கத்து எல்லையிலிருந்து இன்னொன்று வந்து உட்காரும். உங்கள் கூடு திறந்தே கிடந்தால் புதிதாக வந்ததும் அதே வழியைக் கண்டுபிடிக்கும். நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்று சொன்ன பழைய ஆட்களுக்கு நம்மைவிட விவரம் அதிகம்.

அடுத்து வேலி. இங்கேதான் ஏழை வீடுகள் பயந்து பின்வாங்குகின்றன, எனவே கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 50 அடிக்கு 30 அடிக் கொல்லை. சுற்றளவு 160 அடி. 5 அடி உயரத்துக்கு வலை போட்டால் 800 சதுர அடி. அதற்குக் கல்தூண் வேண்டும், தூணுக்குக் குழி, குழிக்குக் கூலி, கதவு தனி. இவ்வளவும் செய்த பிறகு மேலே வானம் திறந்து கிடக்கிறது: மரநாய் ஏறும், பூனை தாண்டும், வல்லூறு இறங்கும், கீரி அடியில் பறித்துக்கொண்டு வரும். இனி, 10 கோழி ராத்திரி தங்க ஒரு கூடு: 4 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி உயரம். ஆறு பக்கமும் சேர்த்து 52 சதுர அடி. வேலியில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் காற்று வருகிற பக்கத்துக்கு மட்டும் வலை போதும், மற்றதைப் பழைய பலகையும் தகரமும் பார்த்துக்கொள்ளும். கொல்லையைக் காப்பாற்றச் செலவழிக்கிறோமா, கோழியைக் காப்பாற்றவா என்று முதலில் முடிவு செய்யவேண்டும்.

வேலியில் மின்சாரம் பாய்ச்சச் சொல்கிறவர்களும் உண்டு. அவர்களோடு வாதாடுவதற்கு ஒன்றுமில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே கள்ளத்தனமாக இழுத்த மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. அதே ஆண்டு தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்ய விதிகளே கொண்டுவந்துவிட்டது. நம் கொல்லையில் யானை வராது. பந்து எடுக்கப் பிள்ளைகள் வருவார்கள்.

விளக்கு வியாபாரம் இப்போது புதிது. ராத்திரி முழுக்கச் சிமிட்டும் சோலார் விளக்கு, கண்போல மின்னும் சிவப்பு விளக்கு, ஆள் பேசுவதுபோல ரேடியோ. தென்னமெரிக்காவில் சிலி நாட்டு மலைச்சமவெளியில், லாமா, அல்பாக்கா மந்தைகளைச் சுற்றி இப்படிச் சிமிட்டும் விளக்கை வைத்து முறையாகச் சோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். பூமா என்கிற பெரிய பூனையினம் ஒதுங்கிப் போனது. அங்குள்ள ஆண்டிய நரி ஒதுங்கவில்லை. நரி விரட்ட விளக்கு வாங்குகிறவர்கள் இந்த ஒரு முடிவைத் தெரிந்துகொண்டு பர்ஸைத் திறக்கலாம்.

"நாய் வளர்த்தால் தீர்ந்தது" என்பது அரை உண்மை. குட்டியிலிருந்து கோழியோடு சேர்த்துப் பழக்கி, சோறு போட்டு, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, வீட்டோடு வைத்துக்கொண்ட நாய் நல்ல காவல். சோறு போடாமல், "நம்ம தெரு நாய்" என்று பேருக்குச் சொந்தம் கொண்டாடுகிற நாய் அடுத்த வீட்டுக் கோழிக்கு நரி.

இத்தனையும் தள்ளிவிட்டால் மிச்சம் என்ன? ராத்திரி. கோழிக்கு வெளிச்சம் குறைந்தால் பார்வை அடங்கிவிடும். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தே இருக்கும். பக்கத்தில் இருப்பதைக் கடித்துக் குதறினாலும் பறந்து தப்பாது. வேட்டைப் பிராணிகள் தேவைக்கு மேல் கொன்று குவிப்பதைப் பற்றி ஹான்ஸ் க்ரூக் என்ற விலங்கியலாளர் 1972-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை பேர்பெற்றது. இங்கிலாந்துக் கடலோரத்தில் கடற்காகங்கள் கூட்டமாக முட்டையிடும் இடத்தில், நிலவில்லாத கும்மிருட்டில் வந்த நரிகள் நிறையப் பறவைகளைக் கொன்றுவிட்டு மிகச் சிலவற்றை மட்டும் தின்றுவிட்டுப் போயிருந்தன. இருட்டில் பறவைகள் எழுந்து பறக்கவில்லை, அதனால்தான். நரிக்கு ரத்தவெறி, குரூர புத்தி என்றெல்லாம் ஊரில் பேசுவதற்கு அடிப்படை இவ்வளவுதான்: ஓடாத இரை. திறந்த கூட்டில், மாட்டுக்கொட்டகை மூலையில், படிக்கட்டின் அடியில் கோழியைத் தூங்கவிடுகிறவர்கள் அந்த இரையைத் தட்டில் வைக்கிறார்கள். சூரனின் பாதியைச் சேவலாக்கிக் கொடியில் ஏற்றிக்கொண்ட முருகனின் கதையைக் கச்சியப்பர் குமரகோட்டத்தில் அரங்கேற்றியதாகச் சொல்லிப் பெருமைப்படும் ஊர் இது. கொடியில் இடம் கொடுத்த சேவலுக்கு ராத்திரி படுக்க ஒரு கதவுள்ள கூடு கொடுப்பதில் என்ன கஷ்டம்?

கூடு எப்படி இருக்கவேண்டும் என்பதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, அதாவது கவனத்தில். நாலு சவுக்குக் கட்டை, தரையிலிருந்து 3 அடி உயரம். காலைச் சுற்றி எண்ணெய் டின்னை வெட்டி வழவழப்பான தகரமாகச் சுற்றி ஆணி அடித்தால் எலியும் பாம்பும் கீரியும் பிடித்து ஏறமுடியாது. பக்கத்தில் சுவரோ முருங்கைக் கிளையோ ஒட்டியிருக்கக்கூடாது. இருந்தால் காலில் சுற்றிய தகரம் வீண். தரைக்கு மூங்கில் பிளாச்சு, அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாமல். எச்சம் கீழே விழும், அதை அள்ளிப் பூசணிக்குப் போடலாம். கூரைக்குப் பழைய தகரம், வெயில் காலத்தில் அதன்மேல் பனையோலை. வலை வாங்கும்போது அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலையை வாங்காதீர்கள். அது கோழியை உள்ளே நிறுத்தும், நாயை வெளியே நிறுத்தாது. பல்லால் இழுத்தே கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்தான் சரி. பழைய இரும்புக் கடையில் கட்டட வேலைக்கு வாங்கி மிஞ்சிய துண்டு எடைக்குக் கிடைக்கும். நமக்கு வேண்டியதும் துண்டுதான்.

கால் வைத்துக் கட்ட முடியாமல் சுவரோரம் தரையிலேயே கூடு இருக்கிறதா? அடியில் தோண்டி வலையைப் புதைக்க ஆள் தேடவேண்டாம். கூட்டின் அடியிலிருந்து ஒன்றரை அடி அகலத்துக்கு வலையை வெளிப்பக்கம் தரையோடு தரையாக விரித்து, உடைந்த செங்கல், ஓட்டுச்சில்லை மேலே அடுக்கினால் போதும். பறிக்க வரும் பிராணி சுவரின் காலடியில்தான் பறிக்கும். காலில் வலை தட்டும். இரண்டடி பின்னால் போய் அங்கிருந்து சுரங்கம் தோண்டவேண்டும் என்ற யோசனை அதற்கு வராது.

கதவு கடைசி, ஆனால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. கொக்கி மட்டும் போட்டால் மரநாயும் நாயும் மூக்கால் நெம்பித் திறக்கும். தாழ்ப்பாள் போட்டு அதன் ஓட்டையில் ஒரு கட்டுக்கம்பியை முறுக்கிவிடுங்கள். சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் தினமும் ஒரே இடத்தில், ஒரே குரலில் கூப்பிட்டு ஒரு கைப்பிடி அரிசிக் குருணையோ கம்போ போட்டால் பத்து நாளில் கோழி தானாக வந்து நிற்கும். எண்ணி உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போடுவதற்கு ஐந்து நிமிஷம் ஆகாது.

பகல் இழப்பு முழுக்க நிற்காது, நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குஞ்சைக் காப்பாற்றினால் பாதி வெற்றி. பொரித்த முதல் மூன்று நான்கு வாரம் தாயையும் குஞ்சையும் கோழிக்கூடையில் கவிழ்த்து, தெற்கே பஞ்சாரம் என்பார்கள், மேலே ஒரு கல் வைப்பது நம் பாட்டிகள் செய்த காரியம். வலை ஷெட்டு வந்ததும் அந்தக் கூடையைத்தான் முதலில் தூக்கி எறிந்தோம். காக்கைக்கும் வல்லூறுக்கும் கொல்லைக்குக் குறுக்கே அடிக்கொன்றாக நூல் கட்டினால் இறங்கத் தயங்கும். தறி இருக்கும் வீட்டில் கழிவு நூலுக்குப் பஞ்சமில்லை.

இந்த இடத்தில் நியாயமான ஆட்சேபம் ஒன்று வரும். காசு செலவில்லை என்கிறாயே, உழைப்பு செலவில்லையா? தினம் சாயங்காலம் யார் நிற்பது? பாவு புணைப்பதும் தார் சுற்றுவதும் சோறாக்குவதும் பார்க்கிற பெண்ணின் தலையில் இதையும் கட்டுகிறாயா? இதுவரை நான் கேட்ட எதிர்வாதங்களில் பதில் சொல்லத் தகுந்தது இது ஒன்றுதான். உழைப்பு செலவுதான். ஆனால் வேலி போட்ட வீட்டிலும் யாரோ ஒருவர் கோழியை எண்ணத்தான் வேண்டும். வேலி அந்த ஐந்து நிமிஷத்தை மிச்சப்படுத்தாது. அடுத்தது, அந்த ஐந்து நிமிஷம் பெண்ணுடையது என்று எழுதி வைத்தவர் யார்? கோழியை விற்கும்போது விலை பேச முன்னால் வந்து நிற்கிற ஆண்பிள்ளைக்கு அந்தியில் தாழ்ப்பாள் போடக் கை வராதா? கம்பெனி ஷிப்டில் எல்லாரும் வெளியே போகிற வீடு என்றால் அடுத்த வீட்டோடு சேர்ந்து முறை வைத்துக்கொள்ளலாம். அதுவும் முடியாத வீடு கோழி வளர்க்கவேண்டாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அங்கே குறை நேரத்தில்தான், பணத்திலோ நரியிலோ இல்லை.

அரசாங்கமும் இந்த ஊர்ப்பேச்சுக்குத் தப்பவில்லை. ஒன்றியத்துக்கு 100 ஏழைப் பெண்களுக்கு, ஆளுக்கு 40 நாட்டுக்கோழிக் குஞ்சு பாதி மானியத்தில் என்று தமிழக அரசு திட்டம் போட்டது, நல்ல திட்டம். குஞ்சின் எண்ணிக்கைதான் பேப்பரில் தலைப்பாகிறது. 40 குஞ்சு ராத்திரி எங்கே தூங்கும் என்பது தலைப்பாவதில்லை. மத்திய அரசின் புறக்கடைக் கோழித் திட்டத்தில் 45 குஞ்சோடு இரவுக்கூட்டுக்கென்று தனித்தொகையும் வைத்திருந்தார்கள். எழுதியவர்களுக்கு விவரம் தெரிந்திருக்கிறது. குஞ்சில் பத்தைக் குறைத்துக்கொண்டு, அந்தப் பணத்துக்கு வெல்டு மெஷ் துண்டும் இரண்டு கீலும் ஒரு தாழ்ப்பாளும் கொடுக்கச் சொல்லி, காஞ்சிபுரத்தைச் சுற்றிய ஊராட்சிகளில் ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் போடலாம். பிப்ரவரி முகாமுக்குக் கால்நடை மருத்துவர் வரும்போது தீர்மானத்தின் நகலை அவர் கையிலேயே கொடுத்துவிடலாம்.